சூடேறினால் சுருங்கும் படம்

பின்வரும் பகுதியை வாசித்து, தொடர்ந்து வரும் வினாக்களுக்கு விடை எழுதுக.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீடு. அதன் முன்னறையில் பின்புறம் புடைத்த, படக்குழாய் கொண்ட தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்தது. 2019ஆம் ஆண்டில் மலேசியாவில் ஒப்புமை ஒளிபரப்பு முடிவுற்று, இலக்கவியல் ஒளிபரப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகும் அந்த வீட்டுப் பாட்டி, அலைமாற்றுப் பெட்டி ஒன்றை இணைத்து அதிலேயே தமிழ்ச் செய்தி பார்த்து வந்தார்.

ஒருநாள் மாலை திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் தோன்றின. படம் நடுவை நோக்கிச் சுருங்கியது. சற்று நேரத்தில் திரையின் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடுதான் மிஞ்சியது. ஒலி மட்டும் தடையின்றிக் கேட்டது. பெட்டியை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் படம் முழுமையாக வந்தது; பின்னர் மீண்டும் சுருங்கியது.

முதலில் வந்த பழுதுபார்ப்பவர், ஊகத்தின்பேரில் இரண்டு பாகங்களை மாற்றினார். அப்போது பெட்டி ஆறியிருந்தது. படமும் நன்றாகத் தெரிந்தது. அவர் கூலியைப் பெற்றுக்கொண்டு சென்றார். அன்றிரவே வெள்ளைக் கோடு திரும்பி வந்தது. “இனித் தூக்கிப் போட வேண்டியதுதான்,” என்றனர் வீட்டார். பாட்டிக்கு மனம் வரவில்லை. “இன்னொருவரைக் கேட்டுப் பார்ப்போம்,” என்றார்.

இரண்டாவதாக வந்த முதியவர் திருப்புளியைக் கையில் எடுக்கவே இல்லை. பாட்டியின் பேரனைப் பார்த்துக் கேட்டார்.

“தம்பி, படம் எப்போது சுருங்குகிறது?”

“செய்தி பார்க்கும்போது, மாமா.”

“அது போதாது. பெட்டியைப் போட்ட எத்தனையாவது நிமிடத்தில்? விசிறி ஓடும்போதா, ஓடாதபோதா? எழுதி வை. கோடு விழுந்ததும் அணைத்துவிடு. மூன்று நாள் கழித்து வருகிறேன்.”

பேரன் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தான். முதல் நாள் 25 நிமிடம். இரண்டாம் நாள் 27 நிமிடம். மூன்றாம் நாள் மழை, விசிறியும் ஓடியது. அன்று படம் சுருங்க 41 நிமிடம் ஆனது. முதியவர் அந்தத் தாளைப் பார்த்துத் தலையசைத்தார். “குளிர்ச்சி இருந்தால் தாமதிக்கிறது. எனவே, இது சூட்டால் வரும் பழுது,” என்றார்.

வெப்பம் செய்யும் வேலை

படக்குழாயில் மின்னணுக் கற்றை திரையின் மீது கோடு கோடாக ஓடிப் படத்தை வரைகிறது. நம் நாட்டில் விற்கப்பட்ட பெட்டிகளில் இக்கற்றை ஒரு வினாடிக்கு 50 முறை மேலிருந்து கீழாக இறங்கும். கற்றையை மேலும் கீழும் இழுக்கத் தனி மின்சுற்று உண்டு. அது நின்றுவிட்டால் எல்லாக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அதனால்தான் திரையில் ஒரே கோடு தெரிகிறது.

இச்சுற்றிலுள்ள மின்சில்லு வேலை செய்யும்போது மிகுதியாகச் சூடாகும். அதன் கால்கள் மின்சுற்றுப் பலகையோடு பற்றாசு கொண்டு ஒட்டப்பட்டிருக்கும். சூடானால் பொருள்கள் விரியும், ஆறினால் சுருங்கும். ஆனால், செம்பும் பற்றாசும் பலகையும் ஒரே அளவில் விரிவதில்லை. நாள்தோறும் இரண்டு முறை போட்டு அணைக்கப்படும் பெட்டி, பத்தாண்டுகளில் 7,000 தடவைக்கு மேல் சூடாகி ஆறுகிறது. ஒவ்வொரு தடவையும் ஏற்படும் சிறிய இழுபறியால் பற்றாசில் மயிரிழை போன்ற விரிசல் உண்டாகிறது. ஆறியிருக்கும்போது விரிசலின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். சூடேறி விரிந்ததும் அவை விலகி, மின்னோட்டம் தடைப்படும்.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. சில பெட்டிகளில், போட்டவுடன் படம் சுருங்கியும் மடிந்தும் தெரியும். சூடேறிய பிறகு சரியாகிவிடும். அங்கே பெரும்பாலும் குற்றவாளி மின்தேக்கியே. அதனுள் இருக்கும் திரவம் ஆண்டுக்கணக்கான வெப்பத்தால் உலர்ந்துவிடுகிறது. பொதுவாக, வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் இவ்வகை மின்தேக்கியின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையினர் கையாளும் கணக்கு. ஆகவே, பழுது எப்படித் தெரிகிறது என்பதோடு எப்போது தெரிகிறது என்பதும் முக்கியமான தடயமாகும்.

தேடலும் தீர்வும்

முதியவர் அனைவரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றினார். முடி உலர்த்தியால் பலகையைச் சூடாக்கினார்; படம் சுருங்கியது. பிறகு, குளிர்விக்கும் தெளிப்பானை எடுத்து ஒவ்வொரு பாகத்தின் மீதும் சிறிதளவு தெளித்தார். மின்சில்லின் கால்களில் குளிர்ச்சி பட்டதும் படம் சட்டென்று விரிந்தது. பெட்டியை அணைத்து, உருப்பெருக்கியால் பார்த்தபோது ஒரு காலைச் சுற்றி வளையம் போன்ற விரிசல் தெரிந்தது. பழைய பற்றாசை நீக்கிவிட்டுப் புதிதாக வைத்தார். எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை.

ஆயினும், அவர் புறப்படவில்லை. பெட்டியின் மேல் விரித்திருந்த பூவேலைத் துணியைத் தூக்கிப் பார்த்தார்.

“பாட்டி, இதை எப்போது போட்டீர்கள்?”

“போன தீபாவளிக்கு. தூசி விழக்கூடாதென்று போட்டேன்.”

“தூசிக்குப் போட்ட துணி சூட்டையும் உள்ளே பூட்டிவிட்டது. காற்றுத் துளைகள் எல்லாம் இதற்கு அடியில்தான் இருக்கின்றன.”

துணி எடுக்கப்பட்டது. சுவரை ஒட்டியிருந்த பெட்டியும் ஒரு சாண் முன்னால் நகர்த்தப்பட்டது. விரிசலை அடைத்தது பழுதுக்குத் தீர்வு. துணியை எடுத்தது அப்பழுது விரைவில் திரும்பாமலிருக்கத் தீர்வு.

பெட்டிக்கு அப்பால்

பினாங்கில் இந்தப் பாடம் புதிதன்று. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப மண்டலம் தொடங்கியது முதல், இங்குள்ள தொழிற்சாலைகள் மின்சில்லுகளைப் பொருத்தியும் சோதித்தும் வருகின்றன. சில்லுகளை வேண்டுமென்றே சூடாக்கியும் குளிர்வித்தும் பார்ப்பது இத்துறையின் வழக்கமான சோதனை. வீட்டில் பல ஆண்டுகளுக்குப் பின் வெளிப்படக்கூடிய குறையைத் தொழிற்சாலையிலேயே வரவழைத்துவிடுவது அதன் நோக்கம். முதியவர் முடி உலர்த்தியால் செய்ததும் அதுவே. பழுதுக்காகக் காத்திராமல், அதைத் தம் கண்முன் வரவழைத்தார்.

முதலில் வந்தவரிடமும் கருவிகள் இருந்தன. ஆனால், அவர் பழுது இல்லாத நேரத்தில் பழுதைத் தேடினார். முதியவரோ பேரனின் தாளிலிருந்து தொடங்கினார்.

எச்சரிக்கை: படக்குழாய்ப் பெட்டியினுள் ஏறத்தாழ 25,000 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். மின்செருகியைக் கழற்றிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கக்கூடும். பயிற்சி பெறாதவர் பின்மூடியைத் திறக்கவே கூடாது. கவனிப்பதும், குறித்து வைப்பதும், காற்றோட்டம் தருவதும் வீட்டார் செய்யக்கூடியவை.

சொற்பொருள்
ஊகம் – உறுதியான சான்றின்றி எண்ணுவது
பற்றாசு – உலோகங்களை ஒட்டுவதற்கு உருக்கி வைக்கும் கலப்பு உலோகம்
மின்தேக்கி – மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பாகம்
தடயம் – உண்மையைக் கண்டறிய உதவும் அடையாளம்

வினாக்கள்
1. முதலில் வந்தவரால் பழுதைக் கண்டறிய முடியாமற்போனது ஏன்?
2. மூன்றாம் நாள் படம் சுருங்கத் தாமதமானதற்குரிய காரணங்கள் யாவை?
3. பற்றாசு விரிசலால் வரும் பழுதையும் மின்தேக்கி உலர்வதால் வரும் பழுதையும் வேறுபடுத்திக் காட்டுக.
4. ‘தூசிக்குப் போட்ட துணி சூட்டையும் உள்ளே பூட்டிவிட்டது.’ இக்கூற்றை விளக்குக.
5. உன் வீட்டில் அவ்வப்போது தோன்றி மறையும் பழுது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை மூன்று நாள் கவனித்துக் குறிப்பு எழுதுக.