எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்ச்: கதவுக்கு உள்ளேயா, வெளியேயா?

கேள்வி: புதிதாக வீடு கட்டுகிறோம். வயரிங்குக்காகச் சுவரில் காடி வெட்டுகிறார்கள். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்ச் உள்ளேதான் வேண்டும் என்கிறார் மாமனார். வெளியே வைத்து, லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஒரே சுவிட்ச்சாகப் போட்டுவிடலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: இடத்தைப் பொறுத்தவரை எலெக்ட்ரீஷியன் சொல்வதே சரி. ஒரே சுவிட்ச் என்பது மட்டும் வேண்டாம்.

நம் வீட்டுக் குளியலறையில் ஈரம் ஒரு மூலையோடு நிற்பதில்லை. வாளியில் மொண்டு குளித்தாலும் ஷவரில் குளித்தாலும் சுவர், தரை, கதவு எல்லாமே நனையும். தோல் நனைந்தால் மின்சாரத்தைத் தடுக்கும் அதன் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று 230 வோல்ட் சுவிட்ச்சைத் தொடுவது ஆபத்து. வழக்கமான மாடுலர் சுவிட்ச்சுகள் தண்ணீர் புகாத வகையும் அல்ல.

தொட்டி இல்லாத ஷவர் என்றால், தண்ணீர் விழும் இடத்திலிருந்து 1.2 மீட்டர் வரை சாதாரண சுவிட்ச் கூடாது என்கிறது சர்வதேச மின் தரவிதி. 1.2 மீட்டர் என்பது ஏறக்குறைய 4 அடி. 5க்கு 8 அடி குளியலறையில் அதைக் கழித்தால் மிஞ்சுவது கொஞ்ச இடம்தான். பிரிட்டன் வீடுகளில் குளியலறைக்குள் சுவிட்ச் வைத்தால் அதைக் கூரையில் பொருத்தி, கீழே கயிறு தொங்கவிடுகிறார்கள். ஈரக் கை படுவது கயிற்றில் மட்டுமே. நமக்குக் கதவுக்கு வெளியே, கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு போர்டு போதும்.

தனி சுவிட்ச் ஏன் வேண்டும்? குளித்து முடித்து ஆள் வெளியே வந்த பிறகுதான் ஃபேனுக்கு முக்கியமான வேலை இருக்கிறது. லைட்டை அணைத்ததும் ஃபேனும் நின்றால் நீராவி உள்ளேயே தங்கி, கூரையிலும் டைல்ஸ் இடுக்கிலும் பூஞ்சை பிடிக்கும். ஜன்னல் இல்லாத குளியலறையில் லைட் அணைந்த பிறகும் ஃபேன் 15 நிமிடம் ஓட வேண்டும் என்று பிரிட்டனின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டியே சொல்கிறது. அந்த நேரம் முடிந்ததும் தானே நிற்கும் டைமர் வைத்த ஃபேன்களும் கிடைக்கின்றன. அதை வாங்குவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். சுவிட்ச் வழியாக வரும் ஃபேஸ் போக, எப்போதும் சப்ளை இருக்கும் இன்னொரு ஃபேஸ் வயரும் அதற்குத் தேவை.

டைமர் வேண்டாம் என்றால் இண்டிகேட்டர் விளக்குள்ள சுவிட்ச் போடுங்கள். ஃபேன் ஓடுவது வெளியிலிருந்தே தெரியும். கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 30 வாட் ஃபேன் தினமும் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. 2,000 வாட் கீசர் அரை மணி நேரத்திலேயே அந்த ஒரு யூனிட்டை எடுத்துவிடும்.

வேலை முடிந்ததும் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். சுவிட்ச் ஃபேஸ் வயரைத்தான் துண்டிக்க வேண்டும். நியூட்ரலைத் துண்டித்தால் ஃபேன் நின்ற பிறகும் அதன் வயரில் மின்சாரம் இருக்கும். இறக்கையைத் துடைக்க ஏறுபவருக்கு ஷாக் அடிக்கலாம். அடுத்தது, மெயின் போர்டில், மின்கசிவு ஏற்பட்டால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தினால் உடனே டிரிப் ஆக வேண்டும்.

கேள்வி: ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. ஆனாலும் கண்ணாடியில் படியும் ஆவி வெகுநேரம் போகவே இல்லை. பெரிய ஃபேன் மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதலில் கதவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே காற்று வர வழி இருந்தால்தான் ஃபேனால் வெளியே தள்ள முடியும். இறுக்கமாக மூடும் பி.வி.சி. கதவுக்கு அடியில் அரை அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும். ஃபேன் கதவுக்கு எதிர்ச் சுவரில், கூரையை ஒட்டி இருந்தால் காற்று அறை முழுவதையும் கடந்து போகும். 5க்கு 8 அடி, 9 அடி உயரம் என்றால் 360 கன அடி. அந்தக் காற்றை மணிக்கு 8 முறை மாற்ற, நிமிடத்துக்கு 48 கன அடி தள்ளும் ஃபேன் போதும். பெரும்பாலும் 6 அங்குல ஃபேனே இதைச் செய்துவிடும்.

கேள்வி: பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்கொண்டு குளித்தால் பயமில்லைதானே?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: அப்படி நம்பாதீர்கள். மூடிய அறையில் கேஸ் எரியும்போது உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளித்துக்கொண்டிருப்பவர் தெரியாமலே மயங்கி விழுவார். பல கேஸ் கீசர்கள் பேட்டரியில் பற்றுபவை. கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடும், கீசர் எரிந்துகொண்டே இருக்கும். சுவிட்ச் போட மறந்தாலும் இதே நிலைதான். கீசரை வெளிச்சுவரில், திறந்தவெளியில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அதுவரை அந்தக் கீசரைப் பயன்படுத்தாமல், அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளியுங்கள்.