பழைய காருக்கு இன்ஜெக்ஷன்: கல்முனைக் கரையோரத்துக்கு ஒரு வழிகாட்டி

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை ஏறியது. விற்க நினைத்தவர்களும் பழுதுபார்த்து ஓட்டத் தொடங்கினார்கள். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வீதிகளில் காபரேட்டர் வைத்த மாருதி 800, கொரோல்லா, சன்னி இன்னும் ஓடுகின்றன. இவற்றை இன்ஜெக்ஷனுக்கு மாற்றலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மாற்றலாம். ஆனால் எஞ்சினைச் சோதிக்காமல் சாமான் வாங்கப் போகவேண்டாம்.

எல்லா சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, சைலன்சரில் நீலப் புகை வந்தாலோ, காசை முதலில் எஞ்சினுக்குப் போடுங்கள். இன்ஜெக்ஷன் பெற்றோலை அளந்து கொடுக்கும், தேய்ந்த ரிங்கை மாற்றாது. எஞ்சின் நல்லாயிருந்து பெற்றோல் மட்டும் கூடக் குடிக்கிறதென்றால், காபரேட்டரைக் கழற்றிக் கழுவி, புது கிட் போட்டுப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

அதற்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டுமென்றால், அதே குடும்பத்து இன்ஜெக்ஷன் எஞ்சினைத் தேடுங்கள். டொயோட்டாவில் 5ஏ-எஃப் காபரேட்டர், 5ஏ-எஃப்ஈ இன்ஜெக்ஷன். கடைசி ‘ஈ’தான் அடையாளம். நிசானில் ஜிஏ15டிஎஸ் காபரேட்டர், ஜிஏ15டிஈ இன்ஜெக்ஷன். மாருதி 800க்கு 2000ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும், எஞ்சின், கம்ப்யூட்டர், வயர் கட்டு, சென்சர்கள், பம்ப், பெடல் கேபிள் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரவேண்டும். வயர் கட்டை வெட்டி எடுத்த செட்டை மலிவென்று வாங்காதீர்கள். வெட்டிய வயரை ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்தும் கூலியில் அந்த மலிவு போய்விடும். பழைய எஞ்சினிலேயே இன்ஜெக்டரை மட்டும் பொருத்தப் பார்ப்பவர்கள் ஹெட்டைக் கவனிக்கவேண்டும். சில எஞ்சின்களில் இன்ஜெக்டர் உட்காரும் துளை ஹெட்டிலேயே இருக்கும், காபரேட்டர் ஹெட்டில் அது கிடையாது. அதனால்தான் முழு எஞ்சினாக மாற்றச் சொல்கிறேன்.

வேலையில் ஆபத்தான பகுதி பெற்றோல் பாதை. காபரேட்டர் பம்ப் தருவது 0.2, 0.3 பார் அழுத்தம். இன்ஜெக்ஷனுக்கு வேண்டியது 2.5 முதல் 3 பார், ஏறக்குறைய பத்து மடங்கு. பழைய ஹோஸை வளைத்துப் பாருங்கள். ஓரத்தில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அது இந்த அழுத்தத்தில் பிளந்து, சூடான மேனிபோல்டில் பெற்றோலைப் பீச்சும். இன்ஜெக்ஷனுக்கென்றே விற்கும் ஹோஸும், சுற்றிச் சமமாக இறுக்கும் கிளிப்பும் போடுங்கள். மிச்சப் பெற்றோல் தாங்கிக்குத் திரும்ப ஒரு பாதை வேண்டும். தாங்கியில் தடுப்பு இல்லாவிட்டால், பெற்றோல் குறைந்த நேரம் வளைவில் பம்ப் காற்றை இழுக்கும். பொருந்துமானால் இன்ஜெக்ஷன் காரின் தாங்கியையே போடுவது நல்லது. பழைய தாங்கியை வைத்தால் துருவை முழுதாகக் கழுவி, புது பில்டர் போடுங்கள். தாங்கியில் வெல்டிங் வேலையை அதற்கென்றே இருப்பவர்களிடம் கொடுங்கள். நிறைந்த தாங்கியைவிடக் காலித் தாங்கிதான் ஆபத்து, உள்ளே நிற்பது ஆவி.

பம்ப் வயரை நேராகச் சாவியில் கொடுக்காதீர்கள். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ரிலே வழியாகத்தான் போகவேண்டும். விபத்தில் குழாய் உடைந்தால் உயிரைக் காப்பது அந்த ரிலே.

எங்கள் கரையில் வயரிங்கின் எதிரி உப்புக் காற்று. எர்த் வயரின் முனையைக் கழற்றிப் பார்த்தால் பச்சைப் பூப் பிடித்திருக்கும். பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிரீஸ் பூசுங்கள். எஞ்சின் ஓடும்போது லைட்டையும் போட்டு, பெற்றரியின் மைனஸுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே மீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கம்ப்யூட்டரை டாஷ்போர்டுக்குள் உயரத்தில் வையுங்கள், மாரி மழை வெள்ளம் முதலில் நிரப்புவது கால்மிதியைத்தான். ஆக்சிஜன் சென்சரைப் புகைக்குழாயில் மேற்பக்கமாகப் பொருத்தினால் தண்ணீர் தேங்காது. ஈயம் கலந்த பெற்றோல் நம் நாட்டில் 2002இலேயே நின்றுவிட்டதால், ஈயத்தால் சென்சர் கெடும் என்ற பயம் வேண்டாம்.

கச்சான் காற்றுக் காலத்துச் சூட்டுக்குப் பயந்து தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் வழக்கம் இங்கே உண்டு. இன்ஜெக்ஷன் காரில் அதைச் செய்யவே கூடாது. தண்ணீர் சூடேறாதவரை கம்ப்யூட்டர் எஞ்சின் குளிராக இருப்பதாக எண்ணிப் பெற்றோலைக் கூட்டி ஊற்றும். தேர்மோஸ்டாட்டைப் போடுங்கள். ரேடியேட்டருக்கு உவர்க் கிணற்றுத் தண்ணீர் விடாமல் கூலன்ட் விடுங்கள்.

முதல் தடவை சாவியை ‘ஓன்’ வரைக்கும் மட்டும் திருப்புங்கள். பல கார்களில் பம்ப் சில விநாடி முனகி நிற்கும். தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்து, ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த கடதாசியால் தடவிப் பாருங்கள். ஈரமில்லாவிட்டால் ஸ்டார்ட் பண்ணலாம். 5ஏ-எஃப்ஈ எஞ்சினென்றால், சூடேறிய பின் சோதனைப் பெட்டியில் டிஈ1, ஈ1 முனைகளை இணைத்து, டைமிங்கை 10 பாகைக்கு வையுங்கள். செக் எஞ்சின் விளக்கு மின்னும் கணக்கில் பிழைக் குறியீடும் அங்கேயே தெரியும்.

எஞ்சின் இலக்கம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும். எஞ்சின் வாங்கிய பில்லை அதற்காகப் பத்திரப்படுத்துங்கள், இன்சூரன்ஸ்காரருக்கும் அறிவியுங்கள். வருடாந்த லைசன்ஸுக்கான புகைப் பரிசோதனையில் வரும் கார்பன் மோனொக்சைட் அளவைப் பழைய ரிப்போட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு தாங்கியை நிரப்பி, பொத்துவில் வரை போய்வந்து மறுபடி நிரப்பி, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கணக்கெடுங்கள். முன்னேற்றம் இல்லாவிட்டால், கம்ப்யூட்டரைக் குறை சொல்லுமுன் தேர்மோஸ்டாட்டையும் ஆக்சிஜன் சென்சரையும் எர்த்தையும் பாருங்கள்.