போய் வருவோம்! வாசகர் கேள்விகள்

26 வருடமாக வேன் வைத்துக் குடும்பங்களைக் கூட்டிப் போய் வருகிறவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஞாயிறன்று மாமல்லபுரம் போகிறோம். நாலு வயது இரட்டைப் பிள்ளைகள், மூட்டு வலியோடு மாமியார். ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், அர்ஜுனன் தபசு, கலங்கரை விளக்கம், முதலைப் பண்ணை எல்லாம் ஒரே நாளில் முடியுமா? (வாசகி, ஆவடி)

பதில்: முடியும், மாமியாரை ஆவடியிலேயே விட்டுவிட்டால். அவரும் வருகிறார் என்றால் இரண்டே இடம். அர்ஜுனன் தபசு தெருவோரத்திலேயே இருக்கிறது. அதில் தவம் செய்யும் பூனை ஒன்று உண்டு. பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள், கால் மணி நேரம் ஓடிவிடும். பக்கத்திலேயே வெண்ணெய் உருண்டைப் பாறை. அவர்கள் சறுக்கட்டும், பாட்டி நிழலில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஐந்து ரதத்தில் காலடியில் மணல், கடற்கரைக் கோயிலுக்கு வாசலிலிருந்தே நல்ல நடை. இரண்டையும் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்குள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட வேண்டும்.

கேள்வி: வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை போனால் கூட்டம் இருக்காது அல்லவா? (வாசகர், திண்டிவனம்)

பதில்: ஒரு ஆள் இருக்கமாட்டார். செவ்வாய் விடுமுறை.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. வெளியூர் என்றாலே முதல் நாள் ராத்திரியிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டார், பிரஷர் மாத்திரையும் போடமாட்டார். போன இடத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார். எப்படிப் புரியவைப்பது? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கிறது. வழியில் எங்கே நிறுத்துவீர்கள், அங்கே கழிப்பறை எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது அவரிடம் சொன்னதுண்டா? எந்த ஓட்டலில் டிபன் என்பது முந்தின வாரமே முடிவாகிவிடுகிறது. இது மட்டும் "வழியில பாத்துக்கலாம்." நீங்கள் பார்த்துக்கொள்ளும் லட்சணம் தெரிந்துதான் அம்மா தண்ணீரை நிறுத்துகிறார்.

மூன்று வயதுக் குழந்தை "வருது"ன்னு ஒரு கத்து கத்தினால் வண்டி நின்றுவிடும். 71 வயதுக்காரர் மருமகன் முன்னால், டிரைவர் முன்னால் வாயைத் திறப்பாரா? எனக்குக் கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். பேரன் மடியில் ஏற வந்தால் தள்ளிவிடுவார். உடனே நான், "டயர்ல காத்து பாக்கணும், எல்லாரும் இறங்குங்க" என்பேன். என் வண்டி டயரில் எப்போதும் காற்று சரியாகத்தான் இருக்கும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, கேட்காமலே நிறுத்துங்கள். "யாருக்காவது போகணுமா" என்று கேட்டால் ஒருத்தரும் பதில் சொல்லமாட்டார்கள். மகளோ மருமகளோ முதலில் உள்ளே போய்ப் பார்க்கட்டும்: தாழ்ப்பாள் விழுகிறதா, தரை வழுக்குகிறதா, எழுந்திருக்கப் பிடிமானம் உண்டா. வெஸ்டர்ன் இல்லாத இடத்துக்கு டிக்கியில் ஒரு மடக்குக் கமோடு நாற்காலி இருக்கட்டும். அடிப் பாத்திரத்தை எடுத்துவிட்டு இந்தியன் டாய்லெட்டின் மேலேயே போட்டுக்கொள்ளலாம். வாங்கும்போது முகம் சுளிக்கிறவர்கள்தான் திரும்பி வரும்போது என்னிடம் கடை விலாசம் கேட்கிறார்கள்.

மாத்திரையை அவராக நிறுத்த விடாதீர்கள். சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை என்றால், பயண நாளில் வேளையை மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. அதற்கு மேல் தண்ணீரையும் குறைத்தால் தலைசுற்றாமல் என்ன செய்யும்?

கேள்வி: எங்கே போனாலும் மாமனார், "நான் வண்டியிலேயே இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்கிறார். விருப்பமில்லாதவரை வற்புறுத்தலாமா? (வாசகி, மதுரை)

பதில்: விருப்பமில்லை என்று யார் சொன்னது? டெம்போ டிராவலர் படி எவ்வளவு உயரம் என்று கவனித்திருக்கிறீர்களா? பத்துப் பேர் பார்க்க, இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்க இறங்குவது அவருக்கு வெட்கம். என் வண்டியில் ஒரு மரப்பலகை கிடக்கிறது, முக்காலி உயரம். வண்டி நின்றதும் அதைப் படிக்குக் கீழே போட்டுவிட்டு நான் அந்தப் பக்கம் போய்விடுவேன். பாதிப் பெரியவர்கள் தாங்களே இறங்கி வந்துவிடுகிறார்கள். இன்னொன்று: எல்லோருடைய பையையும் அவர் மடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சுற்றுலா வந்தவரை வாட்ச்மேன் ஆக்கிவிடுகிறீர்கள்.

கேள்வி: 20 வருடச் சர்க்கரைக்காரரான அப்பாவை மதியம் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா? (வாசகர், கரூர்)

பதில்: கூடாது. மதியம் நடை சாத்தியிருக்கும், கல் கொதிக்கும். பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்குச் சுடுவதே தெரியாது. கொப்புளம் ராத்திரிதான் கண்ணில் படும். சாயங்காலம் போங்கள். அப்போதும் தடித்த பருத்தி சாக்ஸ் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். கடலைக் கிட்டத்தில் பார்க்க ஆசைப்படுகிறார். பேத்தியும் அவரோடுதான் போவேன் என்கிறாள். (வாசகி, பெரம்பூர்)

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணல் மேல் மரப்பாதை போட்டிருக்கிறார்கள், 263 மீட்டர். 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் பிய்த்துப்போட்டது, பிறகு சரிசெய்தார்கள். ஞாயிறு மாலை போகாதீர்கள். நன்றாக நடக்கத் தெரிந்த ஊரே அதில்தான் நிற்கும். வார நாளில், விடிந்ததும் போங்கள். பேத்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும், தள்ளுவது மட்டும் நீங்களாக இருங்கள்.

கேள்வி: குழந்தைகளும் தாத்தா பாட்டியும் சேர்ந்து சாப்பிட என்ன கட்டிக்கொண்டு போகலாம்? (வாசகி, ஈரோடு)

பதில்: தயிர்சாதம். அழகுக்காக மாதுளை தூவாதீர்கள், தாத்தாவின் பல்செட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும்.