இரவல் உடை

நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பதை நாம் உற்று நோக்கினால், சில வேளை அது அசையும்! 'கறிவேப்பிலை அழகி' என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அது. எச்சத்தை எந்தக் குருவி கொத்தும்? வளர்ந்ததும் பச்சை நிறம் பூண்டு இலையோடு இலையாகிவிடும்.

சிறகு முளைத்த பின்னரே பெரிய வேடம். ஆண் கறுப்பு நிறம். வெண்புள்ளி வரிசை உண்டு. பெண்களில் பலவோ 'ரோஜா அழகி'யைப் போலச் சிவப்புப் புள்ளிகள் அணிந்திருக்கும். ரோஜா அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளையைத் தின்று, அதன் நஞ்சை உடலில் சேர்த்து வைப்பது. ஒருமுறை தின்று துன்பப்பட்ட பறவை அந்தச் சிவப்பை மறப்பதில்லை. நஞ்சே இல்லாத நம் அழகியும் அதனால் தப்புகிறது. அதன் உடல் கறுப்பு, ரோஜா அழகிக்கோ உடலும் சிவப்பு. நாம் கண்டுபிடித்துவிடலாம், பறவைக்கு அவ்வளவு பொறுமை ஏது?

ஆனால் அசலைவிடப் போலி மிகுந்தால் பறவைக்கு உண்மை தெரிந்துவிடும். ஆடுதீண்டாப்பாளையைக் களையென்று பிடுங்கும் ஊரில் ரோஜா அழகி குறையும். அங்கே இரவல் உடைக்கு அஞ்சுவார் இல்லை.