நான்கு நிமிட வில்லுப்பாட்டு

நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை, ஊர்க் கொடையில் பார்த்திருப்பார்கள் என்பது நம் எண்ணம். ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். பெரும்பாலோர் பார்த்தது கைப்பேசியில். கொடைக்குப் போகிறவர்களும் வில்லடிக்கும் இடத்தில் சற்று நின்றுவிட்டு ராட்டினத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே பாடத்தைக் கைப்பேசிக் காணொலியிலிருந்தே தொடங்கினேன்.

முதல் பாடவேளையில் நான்கு நிமிடத் துண்டு ஒன்றைத் திரையில் காட்டினேன். முத்துப்பட்டன் கதையின் கல்யாணப் பகுதி. அண்ணாவி வீசுகோலால் நாணைத் தட்ட, வில்லின் மணிகள் குலுங்க, குடமும் உடுக்கும் சேர்ந்துகொள்ள, பின்பாட்டுக்காரர் 'ஆமா' போட, வகுப்பே தாளம் போட்டது. முடிந்ததும் ஒரே கேள்வி கேட்டேன்: "இந்தக் கதையில் இறப்பது யார்?" யாருக்கும் தெரியவில்லை. அதைக் கல்யாணக் கதை என்றே நினைத்திருந்தார்கள்.

பட்டன் பிராமணர். பொம்மக்கா, திம்மக்கா என்னும் அருந்ததியர் குலச் சகோதரிகளை மணக்க விரும்புகிறார். அண்ணன்மார் எதிர்க்கிறார்கள். பெண்களின் தந்தை கேட்டபடி பூணூலைத் துறந்து, செருப்புத் தைக்கக் கற்று மணக்கிறார். பிறகு மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு மடிந்து தெய்வமாகிறார். கொடையில் பாடப்படும் கதைகள் பல இப்படி வெட்டுப்பட்டு இறந்தவர்களின் கதைகளே. சாவை நெருங்கும்போது தாளம் விரையும். கோமரத்தாடிக்குச் சாமி வரும். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் நம் பகுதியில் தங்கிப் பார்த்து, 1988-இல் வெளியான நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நான்கு நிமிடத் துண்டில் மிஞ்சியது கேலியும் தாளமும். பட்டன் எதைத் துறந்தார், எதற்காக இறந்தார் என்பது இல்லை. மாணவர்கள் யோசிக்க வேண்டிய இடமே அதுதான்.

பழியை யூடியூப் மேல் போடுவது எளிது. ஆனால் வில்லுப்பாட்டு சுருங்கத் தொடங்கியது அதற்கு வெகு முன்பே. 1908-இல் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும், அவருக்கு எழுதிக்கொடுத்த சுப்பு ஆறுமுகமும் வில்லைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தபோதே விடிய விடியப் பாடும் வழக்கம் அங்கே பொருந்தவில்லை. அதனால் காந்தி கதையும் சீர்திருத்தக் கருத்தும் வில்லில் ஏறின, அது லாபம்தான். வானொலியும் ஒலிநாடாவும் தங்கள் அளவுக்கு வெட்டிக்கொண்டன.

இணையம் வந்தால் சுருங்கியே தீரவேண்டும் என்பதும் இல்லை. இந்தோனேசியாவின் ஜாவாவில் வயாங் குலித் என்னும் தோல்பாவை நிழலாட்டம் இரவு முழுவதும் நடக்கும். இராமாயணமும் மகாபாரதமும்தான் அங்கும் கதை. யோக்யகர்த்தாவைச் சேர்ந்த கி செனோ நுக்ரோஹோ என்ற கலைஞர், 2020 பெருந்தொற்றில் கூட்டம் கூட முடியாத நாள்களில் யூடியூப் நேரலையில் ஆடினார். பாகோங் என்ற கோமாளிப் பாவையின் வேடிக்கைக்காகவே அவருக்குப் பெரும் ரசிகர் கூட்டம். அவ்வாண்டு நவம்பரில் அவர் மறைந்தார். தேடினால் நம் வில்லுப்பாட்டுக்கும் மணிக்கணக்கான பதிவுகள் யூடியூபில் கிடைக்கின்றன. விரல் அங்கே போவதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் பாடவேளைக்கு அப்படி ஒரு நீண்ட பதிவை எடுத்துக்கொண்டேன். குழுவுக்கு இருபது நிமிடம் எனப் பிரித்து, கதை எங்கே நிற்கிறது, யார் பேசுகிறார், பின்பாட்டுக்காரர் எங்கே குறுக்கிடுகிறார் என்று குறிக்கச் சொன்னேன். கடைசிப் பகுதியைப் பார்த்த மாணவி ஒருத்தி, "சார், குலவைச் சத்தம் கேக்கு, ஆனா கேமரா பாடுறவங்களை மட்டும்தான் காட்டுது" என்றாள். படத்துக்கு வெளியே சாமி வந்திருக்கிறது! நான் ஒரு மணி நேரம் விளக்கினாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த வாரம் பக்கத்து ஊர் அண்ணாவியை வகுப்புக்கு அழைத்தோம். ஒரே நிபந்தனை விதித்தார்: "கதையப் பாடுகேன் சார். வரத்துப்பாட்ட மட்டும் கேக்காதீங்க, அது கோயிலுக்க உள்ளதாக்கும்." பட்டன் மடியும் இடத்தை அவர் பாடியபோது யாரும் தாளம் போடவில்லை. பாடம் நடத்த விரும்பும் ஆசிரியர்கள், பதிவு செய்யுமுன் கலைஞரிடம் எதைப் பாடலாம், எதை எடுக்கலாம், எங்கே போடலாம் என மூன்றையும் தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்கினார். எங்கள் 52 நிமிடப் பதிவை யூடியூபில் ஏற்றவில்லை. பள்ளிக் கணினியில் ஒரு பிரதி, அவர் பேரனின் பென்டிரைவில் ஒன்று.