கோர்ட்டுப் பணமும் வருமான வரியும்

2024ஆம் ஆண்டு மே மாதம், டோம்பிவிலியில் எங்கள் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் வசிக்கும் அம்மையார் ஒரு காகிதக் கட்டுடன் வீட்டுக்கு வந்தார். கணவரைச் சாலை விபத்தில் இழந்தவர். ஒன்பது வருடம் இழுத்த வழக்கு முடிந்து, அந்த ஜனவரியில்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டியிருந்தது. அதில் 81,000 ரூபாய் குறைந்திருந்தது. "அண்ணா, போன உயிருக்குக் கொடுக்கிற காசிலுமா வரி பிடிப்பார்கள்?" என்று கேட்டார். ரயில்வேயில் பாலம் கட்டியவனுக்கு உடனே பதில் தெரியவில்லை. ஆடிட்டர் நண்பர் ஒருவரிடம் உட்கார்ந்து தெரிந்துகொண்டதைச் சங்க அன்பர்களுக்காக எழுதுகிறேன்.

கோர்ட்டிலிருந்து வரும் பணம் பார்வைக்கு ஒரே ரயில். ஆனால் பெட்டிக்குப் பெட்டி சரக்கு வேறு. இந்தப் பணம் எதற்குப் பதிலாக வருகிறது என்று ஒவ்வொரு பெட்டியையும் திறந்து கேட்க வேண்டும். சம்பளத்துக்குப் பதிலாக வந்தால் சம்பளம்போல வரி. மூலதனச் சொத்துக்கு நேர்ந்த குறையை ஈடுகட்ட வந்தால் அது மூலதன வரவு. என்னைப்போன்ற இன்ஜினீயர்களுக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 1967இல் சௌராஷ்டிரா சிமெண்ட் கம்பெனி 1 கோடியே 70 லட்சம் ரூபாய்க்கு ஆலை இயந்திரங்களை ஆர்டர் செய்தது. தாமதமானால் மாதத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் 5 சதவீதம் ஈடு என்று ஒப்பந்தம். இயந்திரம் தாமதமாகி 8,50,000 ரூபாய் கிடைத்தது. இது வருமானமா? இல்லை, மூலதன வரவு என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2010இல்!

அம்மையாரின் கட்டுக்கு வருவோம். அவர் பங்குக்கு அசல் இழப்பீடு 12,00,000 ரூபாய். உயிரிழப்புக்கான இந்தத் தொகை வருமானமே அல்ல, ஒரு பைசா வரி கிடையாது. மனுப் போட்ட நாளிலிருந்து ஏழரை சதவீதம் வீதம் ஒன்பது வருட வட்டி 8,10,000. சிக்கல் இந்தப் பெட்டியில்தான். கம்பெனி இதில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருந்தது. பான் நம்பர் கொடுத்திருந்ததால் தப்பினார். இல்லாவிட்டால் 20 சதவீதம் போயிருக்கும்.

2009ஆம் ஆண்டு பட்ஜெட்டில் வந்த மாற்றத்தின்படி, இழப்பீட்டு வட்டி எத்தனை வருடத்துக்கு உரியதானாலும் கைக்கு வந்த வருடத்தின் வருமானம். ஆனால் அதில் சரிபாதியைக் கழித்துக்கொள்ளலாம். வக்கீல் ஃபீஸ் முதலிய வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஆக அவருடைய கணக்கில் சேர்ந்தது 4,05,000. வேறு வருமானம் பாங்க் வட்டி கொஞ்சம்தான். சட்டத்தில் உள்ள தள்ளுபடி போக வரி பூஜ்யம்! "வரிதான் இல்லையே, ரிட்டர்ன் எதற்கு?" என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் 81,000 ரூபாய் அரசாங்கத்திடமே தங்கியிருக்கும். ஜூலையில் ரிட்டர்ன் போட்டோம். அக்டோபரில் முழுத் தொகையும் சிறிது வட்டியோடு திரும்பி வந்தது. (அந்த வட்டிக்கும் வரி உண்டு!)

தீர்ப்பு நாள் வரையுள்ள விபத்து வட்டி வருமானமே அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் கூறியிருந்தது. வரியே வராத இடத்தில் அந்த வாதத்தைக் கையில் எடுப்பானேன் என்று விட்டுவிட்டோம். 2026 பிப்ரவரி பட்ஜெட்டில், விபத்துத் தீர்ப்பாயம் தனிநபருக்கு அளிக்கும் வட்டிக்கு வரி கிடையாது, டி.டி.எஸ்.ஸும் கிடையாது என்று நிதியமைச்சர் அறிவித்தார். அதற்கு முந்திய வருடங்களில் பிடித்தம் ஆனவர்களுக்கு இந்த அறிவிப்பு உதவாது. அவர்கள் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்து, உரிய கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டுத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நிலம் போனவர்கள் கதை வேறு. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி கிடைக்கும் இழப்பீட்டுக்கு அச்சட்டத்தின் 96ஆம் பிரிவே வரிவிலக்கு தருகிறது. வருமான வரி வாரியமும் 2016இல் சுற்றறிக்கை மூலம் இதை ஒப்புக்கொண்டது. வட்டி விஷயத்தில் மட்டும் கோர்ட்டுகள் ஒரே குரலில் பேசவில்லை. பெரிய தொகையானால் ஆடிட்டருக்குக் கொடுக்கும் ஃபீஸில் சிக்கனம் பார்க்கவேண்டாம்.

நம் ரயில்வே ஓய்வூதியர்கள் நிர்வாகத் தீர்ப்பாயத்தில் ஜெயித்து வாங்கும் சம்பள பாக்கிக்குப் பாதிக் கழிவு இல்லை. அது சம்பளமே. ஆனால் பாக்கியை அந்தந்த வருடத்துக்குப் பிரித்துப் போட்டிருந்தால் எவ்வளவு வரி வந்திருக்குமோ, அதற்கு மேற்பட்டதற்கு நிவாரணம் உண்டு. ரிட்டர்னுக்கு முன்பே அதற்கான படிவத்தைத் தாக்கல் செய்யவேண்டும். இதை மறந்து நோட்டீஸ் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கோர்ட்டுக்கு வெளியே சமரசமாகப் போகிறவர்கள், "முழுத் திருப்திக்கு இவ்வளவு" என்று மொத்தமாக ஒரே வரியில் எழுதிக் கையெழுத்திடாதீர்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வழக்குச் செலவு எவ்வளவு என்று உள்ளபடி தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு வக்கீலைத் தேடிப் போய்ப் பயனில்லை.