எவ்வளவு கொடுத்தாங்களாம்?

கரியமாணிக்கம் வாசகருக்கு,

உங்கள் தெருப் பையனுக்கு அரசு வேலை கிடைத்ததிலிருந்து, "கரும்பு வெட்டறவன் மகனுக்கு எப்படிக் கிடைச்சுது, எவ்வளவு கொடுத்தாங்களாம்?" என்று ஊரே பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். நம்புவதா என்று கேட்கிறீர்கள். பையனை எனக்குத் தெரியாது. ஆனால் அசல் மோசடி ஒன்று எப்படி வெளியே வந்தது என்று சொல்ல முடியும்.

2019 செப்டம்பர் 1 அன்று டிஎன்பிஎஸ்சி நடத்திய குரூப் 4 தேர்வை 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். முடிவு வந்தபோது ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் முன்னிடங்களில் கொத்தாக இருந்தார்கள். பலருக்கு அது சொந்த மாவட்டமே இல்லை. கூடத் தேர்வு எழுதிய பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தது. வெளியூர்க்காரர்கள் எதற்கு அங்கே போய் எழுத வேண்டும்? திதி கொடுக்கப் போனோம் என்று சிலர் விசாரணையில் சொன்னதாகச் செய்தி வந்தது. செத்துப்போனவர்களையா இதற்கு இழுப்பது? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடந்தது இது. சில மணி நேரத்தில் மறைந்துபோகிற மையால் விடையைக் குறித்துவிட்டு வருவார்கள். தாள் சென்னைக்குப் போகும் வழியில் தரகர்கள் சரியான விடையை நிரப்பிவிடுவார்கள். 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். பட்டியலில் இருந்த 39 பேரை எடுத்துவிட்டு, தகுதியுள்ள வேறு 39 பேரைச் சேர்ப்பதாக அறிவித்தார்கள். புதிதாகச் சேர்ந்த இந்த 39 பேரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நமக்குப் படிப்பு ஏறவில்லை என்று அதுவரை எத்தனை இரவு நொந்திருப்பார்கள்!

சந்தேகப்பட்ட பிள்ளைகள் பார்த்தது மையத்தை, மாவட்டத்தை, ரேங்க்கை. யாருடைய அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பார்க்கவில்லை. உங்கள் தெரு பார்ப்பது அதை மட்டும்தான். கரும்பு வெட்டுகிறவர் லட்சக்கணக்கில் பணத்துக்கு எங்கே போவார் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே! மாடி வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்திருந்தால் "படிச்ச குடும்பம்" என்று முடித்திருப்பார்கள்.

நம் பக்கத்தில் இப்படிப் பேச்சு வருவதற்குக் காரணமும் உண்டு. சிபாரிசில் கிடைத்த வேலைகளை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். பொதுப்பணித்துறையில் நிரந்தரமில்லாமல் வவுச்சரில் சம்பளம் வாங்கிய ஊழியர்கள் வேலை போய்த் தெருவில் நின்றதையும் பார்த்தோம். ஆனால் சொந்த மச்சான் மகனுக்குத் தரகர் கிடைத்தால் "பிழைக்கத் தெரிஞ்சவன்" என்கிறவரும், அடுத்த வீட்டுப் பையனைத் திருடன் என்கிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். பிள்ளைக்காகச் செய்தோம் என்று பணம் கொடுக்கிற பெற்றோர்மேல் எனக்கு இரக்கம் வருவதில்லை. அவர்கள் வாங்குவது அந்த 39 பேரைப் போன்ற ஒருவருடைய இடத்தை.

மோசடிக்குப் பிறகு விதிகள் இறுகின. தெரியாத கேள்விக்கு 'இ' (E) கட்டத்தை நிரப்ப வேண்டும், ஏ எத்தனை, பி எத்தனை என்று எண்ணிக் குறிக்க வேண்டும், கைரேகை வைக்க வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். ஒழுங்காகப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் கடைசி நிமிடங்களில் கட்டங்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

உங்கள் கையில் தேர்வு மையம், பதிவு எண், பணம் கைமாறிய விவரம் என்று ஏதாவது இருந்தால் தேர்வு நடத்தியவர்களுக்கு எழுதுங்கள். இல்லையென்றால் நேரே அவர்கள் வீட்டுக்குப் போய் வாழ்த்திவிட்டு வாருங்கள். வேறு யாரும் இதுவரை போயிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்